பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கேற்றைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, சுற்றிவரக் கம்பிவேலி, பச்சைப் பெயின்ற் அடித்த கேற், அந்தக் கேற்றில் ஒரு ஆமைப்பூட்டு. போன கிழமை பின்னேரம் கடைக்குப் போய் வரும்போது, ஆறேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை வெளியே நின்று, ஒரு பூவரசங் கம்பை வேலிக்குள்ளால் நீட்டி, உள்ளே தொங்கிய ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது ஆடி ஓயும்வரை பார்த்து நிற்பாள், ஓய்ந்ததும் திரும்பத் தள்ளுவாள். பக்கத்தில் அவளுடைய தம்பி, காற்சட்டைப் பை நிறையப் போளையோடு நின்று, "இப்ப நான், இப்ப நான்" என்று கேட்டபடி இருந்தான். யாரும் ஏறாத ஊஞ்சலைத் தள்ளுவதற்கு அந்தப் பிள்ளைகள் முறை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அது என் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூட்டுப் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரவில் சிலர் உள்ளே இருந்து குடித்தார்கள், போத்தலை உடைத்துப்போட்டார்கள், மறுநாள் ஒரு பிள்ளையின் காலைக் கண்ணாடி வெட்டியது. சரி, இரவில் பூட்டுங்கள். பகலில் ஏன்? பொறுப்பான இடத்துக்குப் போய்க் கேட்டேன், திறப்பு இன்னாரிடம் என்றார்கள், அவரைத் தேடிப் போனால் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள், கடிதம் தரச் சொன்னார்கள், கொடுத்தேன், நாலு மாதம் ஆகிறது. எந்த அலுவலகம் என்று சொல்லி யாரையும் சந்தியில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் இதை வாசிக்கிறவர்கள் தங்கள் ஊரில் இப்படி ஒரு பூட்டு இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் 26 வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள். அந்தக் காலம் முழுக்கப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளை சும்மா விளையாடிப்போட்டு வருகுது, கொப்பியில ஒண்டும் இல்லையே?" மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பியில் என்ன இருக்க வேண்டும்? பென்சிலைப் பிடிக்க விரலுக்கும் மணிக்கட்டுக்கும் உரம் வேண்டும். அந்த உரம் மண் பிசைந்து, சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, குருத்தோலை பின்னி வருகிறது. எங்கள் அம்மம்மாமார் திண்ணையில் இருந்து கொக்கான் வெட்டப் பழக்கினார்களே, ஒரு கல்லை மேலே எறிந்து அது கீழே விழுவதற்குள் மற்றக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு எறிந்ததையும் ஏந்துவது, அதில் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன, எண்ணிக்கை வருகிறது, தவறவிட்டால் அடுத்தவளுக்குக் கல்லைக் கொடுக்கிற பொறுமையும் வருகிறது. கொக்கான் நன்றாக வெட்டிய பிள்ளைகள் பென்சிலையும் கெதியாகப் பிடித்ததை நான் வருடா வருடம் கண்டிருக்கிறேன்.

கிளித்தட்டு ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். நடுக்கோட்டில் ஓடுகிற ஆள், அவனைத்தான் கிளி என்போம், எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும், குறுக்குக் கோட்டில் மறிக்கிறவனை ஏமாற்ற வேண்டும், தன் பக்கத்து ஆள் எப்போது பாய்வான் என்று கணக்குப் போட வேண்டும், எல்லாம் ஒரே நொடியில். அப்புறம் வரும் அந்தப் பெரிய சண்டை, தொட்டாயா தொடவில்லையா என்று. பெரியவர்கள் குறுக்கே போகாமல் விட்டால் அந்தச் சண்டையைப் பிள்ளைகளே ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள், ஏனென்றால் தீர்க்காவிட்டால் ஆட்டம் நின்றுபோகும். விட்டுக்கொடுக்கவும் தோற்றுப்போகவும் பிள்ளை அங்கேதான் பழகுகிறது. என் வகுப்பில் படித்த ஒரு பொடியனுக்குக் கால் நடக்க வராது, ஒழுங்கைப் பிள்ளைகள் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டுக்குப் பக்கத்தில் இருத்தி, தொட்டதா இல்லையா என்று சொல்கிற வேலையை அவனிடம் கொடுத்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு இதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் செய்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்த நலன்புரி முகாமுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தேன். சில நாளில் அவர்கள் ஒரு விளையாட்டுத் தொடங்கினார்கள். ஒருவன் "கடல் வருது" என்று கத்துவான், எல்லோரும் ஓடி வாங்குகளில் ஏறுவார்கள், ஏறியவர்கள் குனிந்து கையை நீட்டி மற்றவர்களை இழுத்து எடுப்பார்கள். கடைசி ஆளும் ஏறினால்தான் ஆட்டம் முடியும். பெரியவர்களுக்கு அதைப் பார்க்க நெஞ்சு பதறியது, சிலர் தடியோடு போனார்கள், நானும் முதல் நாள் நிற்பாட்டத்தான் பார்த்தேன். பிறகு ஓரமாக இருந்து பார்த்தபோது விளங்கியது: உண்மையில் கைவிட்டுப் போனவர்களை அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பின்னேரமும் இழுத்து மேலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழமைகள் போகப் போக அந்த ஆட்டம் குறைந்து, அதே வாங்குகளைச் சுற்றி ஒளித்துப்பிடித்து விளையாடத் தொடங்கினார்கள். முகாமில் நித்திரையில் அலறிக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கத் தொடங்கியதும் அந்தக் கிழமைகளில்தான்.

இது மட்டக்களப்புக்குப் புதிய விஷயம் இல்லை. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, யேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், மண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் ஒன்றாகக் கிடந்தார்கள். அந்தக் கஷ்ட காலத்திலேயே இந்த ஊரால் அதைச் செய்ய முடிந்தது.

இப்போது யுத்தம் இல்லை, ஆனால் வேறு பாரங்கள் இருக்கின்றன. எத்தனை வீடுகளில் அம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறார். அப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் சோறு கறி விளையாட்டில் சேரவே மாட்டாள். ஒருநாள் சிரட்டை ஒன்றைக் காதில் வைத்து, "சாப்பிட்டீங்களா மகள்? தம்பிய அடிக்காதீங்க என்ன?" என்று பேசத் தொடங்கினாள். எதிரில் இருந்த பிள்ளைக்கும் ஒரு சிரட்டை கொடுத்து மகளாக இருக்கச் சொன்னாள். அந்தப் பிள்ளை நீட்டி நீட்டிக் கதை சொல்ல, இவள், "சரி மகள், காசு போகுது, வெக்கிறன்" என்று சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மறுநாளும் அதே விளையாட்டு, அதற்கடுத்த நாளும். இரண்டு கிழமைக்குப் பிறகு மற்றப் பிள்ளைகளோடு மண்சோறு ஆக்கப் போனாள். நான் செய்தது ஒன்றே ஒன்று, மணி அடித்து அவளை எழுப்பாமல் விட்டது.

இப்படிப் பிள்ளைகளின் கையில் இப்போது உண்மையான போனே இருக்கிறது. அம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அறுபது எழுபது வயதில் மூட்டு வலியோடு அவர் எங்கே ஓடிப் பிடிப்பது? உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு, மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணித்தியாலமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும், போனோ ரீவியோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பிடித்துக்கொள்கிறது. ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, சோற்றை அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டரைக்கு டியூசன், அது விட்டால் இன்னொரு டியூசன், வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும், நானும் பிள்ளை வளர்த்தவள்தான். ஆனால் அதே உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயது தொடக்கம் பதினேழு வரை நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடல் அசைவு வேண்டும் என்கிறது, நாங்கள் அந்த ஒரு மணித்தியாலத்தைக்கூட விற்றுவிட்டோம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நாலரைக்குப் பிறகு வகுப்பு வைக்காதீர்கள் என்று டியூசன் நடத்துகிற தம்பிமாரைக் கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் யாருடைய பிள்ளையும் பின்னுக்குப் போகாது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொடியன்களுக்கு விளையாட்டுக் கழகம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, மட்டக்களப்பு நகரத்தில் வெபர் அடிகளாரின் பெயரில் ஒரு விளையாட்டரங்கே இருக்கிறது. ஒன்பது பத்து வயதானதும் "இனி என்ன றோட்டில விளையாட்டு?" என்று பெட்டைகளை உள்ளே கூப்பிட்டு விடுகிறோம், பெரியபிள்ளையானால் சொல்லவே வேண்டாம். நேற்றுவரை கெந்திப்பிடித்தவளுக்கு ஒரே நாளில் ஆசை போய்விடுமா?

பயம் இருக்கிறதுதான். காப்பெற் றோட்டில் மோட்டார் சைக்கிள் பறக்கிறது, ஐஸ் போதைப்பொருள் விற்கிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாது, வாவிக் கரையில் ஆழம் தெரியாது, படுவான்கரையில் பொழுது பட்டால் யானை. இதனால்தான் பிள்ளைகளை வேலிக்குள் விளையாட விட வேண்டும் என்கிறேன், இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்த முகங்களோடு விளையாட வேண்டும் என்கிறேன். பூங்காவைப் பூட்டினால் பிள்ளை ஒன்றில் றோட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் போனுக்குப் போகும்.

விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 31ஆம் உறுப்புரை சொல்கிறது, இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிசெய்தது. ஐக்கிய நாடுகள் சபை 2024இலிருந்து ஜூன் 11ஐ சர்வதேச விளையாட்டு நாளாகவும் ஆக்கியிருக்கிறது. அன்றைக்கும் ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கும் பலூன் கட்டி விழா வைக்கிறீர்கள், வையுங்கள், நல்லது. அந்தப் பலூன் காசில் நாலு வேம்பு நட்டால் அடுத்த வருடங்களில் நிழல் கிடைக்கும், ஏனென்றால் எங்கள் வெயிலில் இரும்புச் சறுக்கு பின்னேரம் நாலு மணிக்கும் துடையைச் சுடுகிறது. கடற்காற்றில் இரும்பு எப்படியும் துருப்பிடிக்கும், பிளாஸ்ரிக் வெடிக்கும். விலை கூடின சாமான் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு லோட் ஆற்று மணல், பழைய ரயர் பத்து, நல்ல தேங்காய்நார்க் கயிறு, கோடு கீறக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும், மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் பூங்காவுக்கு நான் கேட்பது அதைவிடக் குறைவு. திறப்பில் ஒன்றை எதிரே இருக்கிற பலசரக்குக் கடையில் கொடுத்து வையுங்கள், கடைக்காரத் தம்பி சம்மதம் சொல்லிவிட்டார். நாலு மணிக்குத் திறந்து, முதலில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று கூட்டிப் பார்த்து, ஆறேகாலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பூட்ட நானும் எங்கள் மாதர் சங்கத்தில் மூன்று பேரும் நாள் பிரித்து வைத்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் என்னுடைய முறை.

இப்படிக்கு,
முன்னாள் முன்பள்ளி ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.