108 அத்தியாயம், இரண்டு வேகம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. 'டெத் நோட்' மங்காவை (ஜப்பானியப் படக்கதை) ஏழாவது தொகுதி வரை கீழே வைக்க முடியாமல் படித்தாய், எட்டிலிருந்து ஏன் சப்பென்று ஆகிவிட்டது என்று கேட்டிருந்தாய். 'துப்பறிவாளன் எல் செத்துவிட்டான், அவ்வளவுதான்' என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் காரணம்தான். முதல் பாதியில், பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் நோட்டை வைத்திருக்கும் லைட் என்ன சூழ்ச்சி செய்தாலும் அதன் படிகள் நம் கண்முன்னே நடக்கின்றன. தன்னைத்தானே அடைத்துவைக்கச் சொல்கிறான், நோட்டின் உரிமையைத் துறக்கிறான், நினைவை இழக்கிறான். ஏன் செய்தான் என்பது மட்டும் ஏழாவது தொகுதியில் தெரிகிறது. உடனே பின்னால் புரட்டிப் பார்த்து 'ஆமாம், இங்கேயே இருந்திருக்கிறது' என்று சரிபார்க்கலாம். கடைசித் தொகுதியில் அப்படிச் செய்ய வழியில்லை. போலி நோட்டை ஓர் இரவில் ஒருவர் எழுதி முடித்தார் என்பதை, எல்லாம் நடந்த பிறகு, கிடங்கில் வைத்து, எல்லின் இடத்துக்கு வந்த நியர் வாயால் சொல்கிறான். நாம் பார்க்காத ஒன்றால் ஆட்டம் முடிகிறது. எல் ஒருவனிடம் இருந்த குணங்களை நியர், மெல்லோ என்று இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததும் உதவவில்லை. ஒருவன் யோசிக்கிறான், மற்றவன் பாய்கிறான். இரண்டும் ஒரே ஆளுக்குள் மோதியபோது இருந்த சுவை போய்விட்டது.

ஓவியர் ஒபாட்டாவின் கோட்டில் மட்டும் குறையே சொல்ல முடியாது. பேச்சு பலூன்கள் பக்கத்தை அடைத்துக்கொண்டாலும், ஒரு நாற்காலியில் எல் குந்தியிருக்கும் விதத்திலேயே காட்சியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்.

இதை ஒட்டி ஒரு கணக்கு. 'டெத் நோட்' 108 அத்தியாயம். அரகாவா ஹிரோமுவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அதுவும் 108 அத்தியாயம். முன்னது வாரப் பத்திரிகையில் 2003 கடைசியில் தொடங்கி 2006இல் முடிந்தது. தொகுதிக்கு ஒன்பது அத்தியாயம், ஆக 12 தொகுதி. பின்னது மாதப் பத்திரிகையில் 2001 முதல் 2010 வரை ஒன்பது வருடம் ஓடியது; அத்தியாயம் ஒவ்வொன்றும் நீளம், தொகுதிக்கு நான்கு, ஆக 27 தொகுதி. ஒரு மங்காவை எடைபோடும்போது கதாசிரியர் பெயருக்கு அடுத்தபடி நான் பார்ப்பது இதைத்தான்: வாரத்தொடரா, மாதத்தொடரா?

வாரத்தொடர் என்றால் ஏறக்குறைய 19 பக்கம், ஏழு நாள். அதில் பெரும்பங்கு 'நேமு' என்கிற வரைவுக்கே போய்விடும். எந்தக் கட்டம் எவ்வளவு பெரிது, பலூன் எங்கே என்று பென்சிலில் போட்டுப் பதிப்பாசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது அது. பிறகுதான் மை. 'ஷோனென் ஜம்ப்' இதழில் வாசகர் தங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்பும் அஞ்சலட்டை வேறு உண்டு. அதில் தொடர்ந்து பின்தங்கினால் தொடரையே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஒரு தூண்டில் போட்டாக வேண்டும். தூண்டில் போடத் தெரிந்தவருக்கு அது பலம். போட்ட தூண்டிலையெல்லாம் இழுக்க நேரமில்லாதபோது, நியர் பேசுவதைப் போல வாய்ச்சொல்லால் முடிச்சவிழ்ப்பார்கள்.

அரகாவாவுக்கு மாதம் கிடைத்தது. அவர் அதை எப்படிச் செலவழித்தார் என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன், கதையைக் கெடுக்காமல். முதல் அத்தியாயத்தில் கதையின் நாயகர்களான இரு சகோதரர்கள் லியோர் என்ற பாலைவன ஊருக்கு வருகிறார்கள். போலிச் சாமியார் ஒருவரை அம்பலப்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். தனிக்கதை போலத்தான் இருக்கும். பல தொகுதிகள் கழித்து அந்த நாட்டின் வரைபடத்தை ஒருவர் விரித்து, எங்கெங்கே ரத்தம் சிந்தியது என்று புள்ளி வைக்கும்போது லியோரும் அதில் ஒரு புள்ளி. நாட்டின் எல்லை ஏன் வட்டமாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். அந்த இடம் வந்ததும் முதல் தொகுதியை மறுபடி எடுத்துப் பார்.

வாரத்தொடர் என்றாலே குறை என்று எடுத்துக்கொண்டுவிடாதே. இனோவே தகேஹிகோவின் 'ஸ்லாம் டங்க்' (1990–1996, 31 தொகுதி) அதே 'ஜம்ப்' இதழில் வாராவாரம் வந்ததுதான். தொடக்கத் தொகுதிகள் பள்ளிக்கூட அடிதடியும் கேலியுமாக இருக்கும். கூடைப்பந்து மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். அங்கே விட்டுவிடாதே. கடைசி ஐந்தாறு தொகுதிகள் முழுக்க சான்னோ அணியுடனான ஒரே ஆட்டம். களத்தில் நாற்பது நிமிடம், இதழில் மாதக்கணக்கு. அந்த ஆட்டத்தின் இறுதி நொடிகளில் பேச்சும் ஒலிச்சொற்களும் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோகும். மங்காவில் ஒலிச்சொல் என்பது நம் இரட்டைக்கிளவி மாதிரி எங்கும் நிறைந்தது. 'டோகி டோகி' என்றால் நெஞ்சு 'படக் படக்' என்று அடிக்கிறது. ஆள் அரவமற்ற அமைதிக்குக்கூட 'ஷீன்' என்று ஒரு சொல் எழுதுவார்கள். அப்படிப்பட்ட ஊடகத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஓடும் கால்களையும் கண்களையும் மட்டும் விட்டுவைத்தார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டு; இனோவே அளந்து வைத்த வேகம் அது. இரண்டாம் முறை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உரசாவா நவோகியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருடைய 'மான்ஸ்டர்' 18 தொகுதி. மாதம் இருமுறை வரும் இதழில் 1994 முதல் 2001 வரை வந்தது. நடுவில் ஒரு வார்ப்பு திரும்பத் திரும்ப வரும்: புது ஊர், காயப்பட்ட ஒரு மனிதர், நாயகன் டாக்டர் டென்மா வந்து தொடுகிறார், அவர் மாறுகிறார். ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். நாளுக்கு ஒரு தொகுதி என்றால் சலிக்காது. பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள். ஜெர்மன் பெயர்கள், செக் பெயர்கள். நான்காவது தொகுதி ஆள் பன்னிரண்டில் வந்து நிற்பார். விரல்களால் காற்றில் தட்டச்சு செய்து நினைவில் பதித்துக்கொள்ளும் லுங்கே என்ற போலீஸ்காரரைக் கவனி. அந்த ஒற்றைப் பழக்கத்தை வைத்தே உரசாவா அவரைக் கட்டியிருக்கிறார். '20ஆம் நூற்றாண்டுப் பையன்கள்' முதல் பாதி அதைவிடப் பிரமாதம், பின்பாதி இழுவை. ஒன்றே ஒன்று என்றால் 'புளூட்டோ'. மங்கா முன்னோடி தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' கதைகளில் ஒன்றை எடுத்துத் துப்பறியும் கதையாக எட்டே தொகுதியில் மாற்றியிருக்கிறார். பியானோ கற்க விரும்பும் போர் ரோபோவும் பார்வையற்ற இசைக்கலைஞரும் வரும் பகுதி முதல் தொகுதியிலேயே இருக்கிறது. அது உன்னை அசைக்கவில்லை என்றால் மீதியை வாங்க வேண்டாம்.

முடியாத தொடர்களைத் தொடலாமா என்ற உன் தயக்கம் நியாயம்தான். இனோவேயின் சாமுராய் கதை 'வாகபாண்ட்' 37 தொகுதியோடு 2015 முதல் நின்றுகிடக்கிறது. வாள்வீரர்கள் முசாஷியும் கோஜிரோவும் தீவில் மோதும் இடத்தை எட்டவேயில்லை. ஆனாலும் படி. 14 முதல் 20 வரையிலான தொகுதிகள் கோஜிரோவின் கதை. இனோவே அவனைக் காது கேளாதவனாக மாற்றி, வசனமில்லாமல் தூரிகையாலேயே பேச வைத்திருக்கிறார். பின்னால் வரும் விவசாயப் பகுதி பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதுதான் உச்சம். எழுபது பேரை வெட்டிய முசாஷி கட்டாந்தரையிடமும் தண்ணீரிடமும் தோற்றுக் கற்றுக்கொள்கிறான். வாள் அவனுக்குச் சொல்லித் தராததை மண் சொல்லித் தருகிறது. 'பெர்செர்க்' வேறு மாதிரி. அதை வரைந்த மியுரா கென்டாரோ 2021 மே 6 அன்று இறந்தார். 2022 ஜூனிலிருந்து நண்பர் மோரி கோஜியின் மேற்பார்வையில் அவருடைய உதவியாளர்கள் தொடர்கிறார்கள். வன்முறையும் பாலியல் கொடுமையும் கடுமையாக வரும். வீட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை.

இனி உன் டேப்லட் சிக்கல். இரட்டைப் பக்கச் சித்திரங்கள் நடுவில் வெட்டுப்பட்டு, பாதிப் படம் அடுத்த திரையில் வருகிறது என்றாய். செயலி அட்டையையும் முதல் பக்கத்தையும் ஜோடி சேர்த்துவிடுகிறது. அதிலிருந்து எல்லா ஜோடியும் ஒரு பக்கம் தள்ளிப்போகிறது. அமைப்பில் 'அட்டையைத் தனிப் பக்கமாகக் காட்டு' என்பதை இயக்கு, வாசிக்கும் திசையை வலமிருந்து இடம் என்று வை, கருவியைக் குறுக்காகப் பிடி. சாம்பல் பகுதிகளில் அலையலையாகக் கோடு தெரிவது அச்சுக் குறை இல்லை. நிழலுக்கு ஒட்டும் ஸ்கிரீன்டோன் புள்ளிகள் திரையின் புள்ளிகளோடு மோதுவதால் வருவது. கொஞ்சம் பெரிதாக்கினால் போய்விடும். மூன்று தொகுதி ஒரே நூலாக வரும் தடிமனான பதிப்பு விலை மலிவு, ஆனால் நடுமடிப்பு படத்தை விழுங்கும். 'பெர்செர்க்', 'வாகபாண்ட்' இரண்டுக்கும் நன்றாக விரியும் பெரிய அளவுப் பதிப்பாகத் தேடு. பழைய கடையில் இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சிட்ட பிரதி அகப்பட்டால் சாமுராய் கதைகளில் வாங்காதே. கண்ணாடி பிம்பத்தில் வாள் மறுபக்கம் போவதோடு, கிமோனோவின் வலது முனை மேலே வந்துவிடும். ஜப்பானில் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்.

வரிசை கேட்டாய்: முதலில் 'புளூட்டோ', பிறகு 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்', அதன் பிறகு 'ஸ்லாம் டங்க்'. இடையில் மனது கனத்தால் 'யோட்சுபா' ஒரு தொகுதி எடுத்துக்கொள். ஐந்து வயதுக் குழந்தையின் சாதாரண நாட்கள், எந்தத் தொகுதியிலிருந்தும் தொடங்கலாம். லியோர் திரும்ப வரும் வரைபடப் பக்கத்தை எட்டியதும் எழுது. அந்த வட்டத்தை அதற்கு முன்பே ஊகித்தாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
கதிர்