60 நாள் என்று எழுதினாலும் 45 நாள்தான்

ஆசிரியருக்கு,

யூடியூப் ஸ்கிரிப்ட், ரீல்ஸ் எடிட்டிங், விளம்பர வாசகம் என ஃப்ரீலான்ஸாக வேலை செய்பவர்கள் பில் பணம் கேட்டால், 'கிளையன்ட் எங்களுக்குப் போட்டதும் உங்களுக்குப் போட்டுவிடுகிறோம்' என்பார்கள் ஏஜென்சிகள். சட்டத்தில் இந்தச் சாக்குக்கு இடமில்லை. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி அதிகபட்சக் கெடு 45 நாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். 60 நாள் என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாந்திரக் கூட்டு வட்டி தர வேண்டும்.

இதைக் கேட்க உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசிடம் செய்யும் பதிவு) வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசின் தளத்தில் கட்டணம் கிடையாது. (காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள்.) பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய் எடுத்த பதிவு பழைய பில்லைக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் போட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது தேதியில். கெடு ஓடுவது பில் தேதியிலிருந்து அல்ல, ஒப்படைத்த வேலை ஏற்கப்பட்ட நாளிலிருந்து. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றதாகக் கொள்ளப்படும். வாட்ஸ்அப்பில் டிரைவ் லிங்க்கைத் தட்டிவிட்டு இருந்துவிடாமல், 'இறுதி வடிவம் இன்று ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்புவது நல்லது. 'சின்ன கரெக்‌ஷன்' என்று இழுத்தடிப்பதற்கும் எல்லை வேண்டும். இரண்டு முறைக்கு மேல் தனிக் கட்டணம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். பில்லில் பிராண்டின் பெயரைப் போட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்; நிறுவனத்தின் பதிவுப் பெயரும் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும் இருக்க வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் நினைவூட்டினால் பலன் அதிகம். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்காதவரை அந்த நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர் கேள்வி கேட்கும் நேரம் அது.

அப்படியும் அசையாவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில அரசின் வசதியாக்கக் குழுவில் இணையவழியாகவே மனு போடலாம். அங்கே நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால், எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் நிறுவனம் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

– வாசகர், கோயம்புத்தூர்