ஆடு மேயவில்லை, கயல்

கயல் கண்ணு,

அன்னிக்குப் போனில் பாதியில் விட்ட கதையை முழுசாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசல் நந்தியாவட்டையில் ரெண்டு கிளை மொட்டையாக நின்றது. பக்கத்துத் தெரு ஆட்டுக்காரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பால் வடிகிற செடியை ஆடு ஏன் கடிக்கப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் கோலம் போடக் குனிந்தால், தரையெல்லாம் மிளகு மாதிரிக் கறுப்புப் புழுக்கை. நேர் மேலே தேடினேன். இலை நிறத்திலேயே இருந்தால் எங்கே தெரிகிறது? பத்து நிமிஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. உடம்பில் மயிரே இல்லை, அதனால் கம்பளிப்பூச்சி இல்லை. நீ ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தாயே, எலுமிச்சைச் செடிப் புழு, அதுதானோ என்று நினைத்தேன். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இதை ஈர்க்கால் தொட்டேன். தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்பியது. நீலமும் வெள்ளையுமாக ரெண்டு கண் விழித்தது பார், ஈர்க்கைப் போட்டுவிட்டேன்! நிஜக் கண் இல்லை, வெறும் புள்ளிதான். ஆனாலும் எதிர்வீட்டு அக்கா பாம்புக்குட்டி என்றே முடிவுகட்டி, மருந்தடிக்கக் கிளம்பிவிட்டார்.

இதற்குக் கொம்பு வால் பக்கம். குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில். கொட்டாது. வாலில் கொம்பிருந்தால் பெரும்பாலும் பருந்து அந்துப்பூச்சியின் புழுதான். எந்த வகை என்பதைச் செடியே சொல்லிவிட்டது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி என்று நாம் நஞ்சென்று ஒதுக்குகிற இலையைத் தின்று வளர்கிறது. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-இல் இதற்கு வைத்த பெயரிலும் அரளிதான் இருக்கிறது: இன்றைக்கு டாஃப்னிஸ் நீரி என்கிறார்கள், அரளியின் அறிவியல் பெயர் நீரியம். ஒருநாள் டியூப்லைட் பக்கத்துச் சுவரில் பச்சையும் வெளிர்சிவப்புமாக ஒன்று உட்கார்ந்திருக்க, மிலிட்டரி பிளேன் என்றாயே, அது இதன் தாயாராகத்தான் இருக்கும்.

முந்தாநாள் பச்சை மங்கிப் பழுப்பாகிவிட்டது. அக்கா மருந்தடித்துவிட்டாரோ என்று பயந்தேன். கூட்டுப்புழுவாகப் போகிறபோது அப்படித்தானாம். சாயங்காலம் தண்டு வழியே இறங்கிச் சருகுக்குள் போய்விட்டது. அந்த மூலையை இப்போது பெருக்குவதில்லை. உங்கப்பாவுக்குத்தான் அது பெரிய குறை.

ஆட்டுக்காரம்மா முகத்தில் இன்னும் விழிக்கவில்லை. கொஞ்சம் முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா