துப்பாக்கிய கடைசியா வாங்குடா

டேய் சேகரு,

உன் லெட்டர் வந்து 10 நாள் ஆச்சு, உடனே பதில் போடலன்னு கோச்சுக்காத, அம்மாவுக்கு கண் ஆபரேஷன், அந்த அலைச்சல்ல உக்காந்து எழுத நேரமே கிடைக்கல. இப்ப நல்லா இருக்காங்க, பேப்பர கண்ணாடி இல்லாம படிக்கிறாங்க, உன்னையும் விசாரிச்சாங்க. உன் பொண்ணு காலேஜ் சேந்துட்டான்னு படிச்சதும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன், நேத்துதான் தூக்கிட்டு திரிஞ்ச மாதிரி இருக்கு.

சரி விஷயத்துக்கு வரேன். ஸ்பியர்ஃபிஷிங், அதான் மூச்சடக்கி முங்கி ஈட்டியால மீன் புடிக்கறது, ஆரம்பிக்கப் போறேன், கையில கொஞ்சம்தான் காசு, எந்த கன் வாங்கலாம்னு கேட்டிருக்க. லெட்டர்ல கன்ன பத்தி நாலு இடத்துல எழுதியிருக்க, கண்ணையும் மூக்கையும் மூடற டைவிங் மாஸ்க்க பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படி.

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இருந்த காசுல முக்காவாசிய ஒரு 120 சென்டிமீட்டர் கன்ல போட்டேன், ரப்பர இழுத்து மாட்டி ஈட்டிய விடற கன், அதுல ரெண்டு ரப்பர். மிச்சத்துல கிடைச்ச மாஸ்க், கிடைச்ச ஃபின்ஸ் (கால்ல மாட்டற துடுப்பு). அந்த வருஷம் முழுக்க மாஸ்க்குள்ள தண்ணி, ஒவ்வொரு தடவ கீழ போகும்போதும் மூக்குல ஏறும், மேல வந்து மாஸ்க்க கழட்டி ஊத்திட்டு மறுபடி போடணும். நான் போற தண்ணியில 5 மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது, அந்த நீளக் கன்ன நீட்டினா அதோட நுனியே கலங்கல்ல மறைஞ்சுடும். ரெண்டு ரப்பரையும் இழுத்து மாட்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடும், அப்புறம் எங்க அமைதியா கீழ போறது.

அதனால முதல் காசு மாஸ்க்குக்கு. விலை அதிகமா இருந்தாதான் நல்லதுன்னு கிடையாது, உன் மூஞ்சிக்கு பொருந்தணும், அவ்ளோதான். கடையில வார மாட்டாம மாஸ்க்க மட்டும் மூஞ்சில வச்சு மூக்கால லேசா மூச்ச உள்ள இழு, கைய எடுத்தா அது விழாம ஒட்டிட்டு நிக்கணும். ஓரத்துல காத்து புகுந்தா எவ்ளோ ஆஃபர்ல இருந்தாலும் வச்சுட்டு வந்துடு. கண்ணாடி டெம்பர்டு கிளாஸா இருக்கணும், பிளாஸ்டிக் வேண்டாம். உள்ள காத்து கொள்ளளவு கம்மியா, கண்ணுக்கு ஒட்டினாப்ல இருக்கற மாஸ்க்கா பாரு, ஏன்னா கீழ போகப் போக அழுத்தம் ஏறி மாஸ்க்கு மூஞ்சிய உறிஞ்சும், மூக்கு வழியா கொஞ்சம் காத்த உள்ள விட்டுத்தான் அத சரி பண்ணணும், பெரிய மாஸ்க்கா இருந்தா அதுக்கே உன் மூச்சு செலவாயிடும். நீச்சல் கண்ணாடி உதவாதுங்கறதும் இதுக்குத்தான், அதுல மூக்கு வெளிய இருக்கு. மூஞ்சி முழுக்க மூடற ஸ்நார்க்கல் மாஸ்க்கையும் எடுக்காத, மூக்க புடிச்சு காதடைப்பு எடுக்க வழியில்ல. உன் மீசைய எடுக்க சொன்னா கேக்க மாட்டன்னு தெரியும், மூக்குக்கு கீழ மட்டும் ஒரு கோடு ட்ரிம் பண்ணிக்கோ, தண்ணி கசியறது பாதி குறையும். புது மாஸ்க்கோட கண்ணாடி உள்பக்கம் ஒரு மெல்லிசான படலம் இருக்கும், டூத்பேஸ்ட் போட்டு நாலஞ்சு தடவ தேச்சுக் கழுவு, இல்லன்னா ஓயாம பனி புடிக்கும். ஸ்நார்க்கல், அதான் மேல மிதக்கும்போது மூச்சு விடற குழாய், சாதாவா வளைஞ்சதே போதும், வால்வு கீல்வு எதுவும் வேணாம், கீழ போகும்போது வாய்லருந்து எடுத்துடணும்.

ஃபின்ஸ் நீளமான பிளேடு உள்ளது வாங்கு, பிளாஸ்டிக்கே போதும். கார்பன் ஃபைபர் பாக்க ஆசையா இருக்கும், ஆனா புதுசா போறவன் பாறையில தட்டாம இருக்க மாட்டான், ஒரு தட்டுல விரிசல் விட்டா போச்சு. கால் பாதம் உக்கார்ற இடத்ததான் கவனிக்கணும், நீ தண்ணியில போடப்போற சாக்ஸோட போட்டுப் பாரு, இறுக்கமா இருந்தா அரை மணி நேரத்துல தசை புடிச்சுக்கும், நடுத்தண்ணியில தசை புடிக்கறது பெரிய அவஸ்த.

வெட்சூட்டுக்கு, அதான் குளிர் தாங்க போடற ரப்பர் உடுப்பு, வெதுவெதுப்பான தண்ணின்னா 3 மில்லிமீட்டர் தடிமன், குளிர்ற தண்ணின்னா 5 மில்லிமீட்டர். உள்பக்கம் துணி வச்சதுன்னா போட சுலபம், சீக்கிரம் கிழியாது, ஆரம்பத்துக்கு அதுவே நல்லது. துணி இல்லாத ஓப்பன் செல் ரொம்ப கதகதப்பா இருக்கும், ஆனா சோப்புத் தண்ணி ஊத்தி வழுக்கிட்டுத்தான் போடணும், நகம் பட்டாலே கிழியும். இடுப்புல முதுகுல தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள போய்ட்டு வந்துட்டே இருக்கும், குளிர் எடுத்தா மூச்ச அடக்கவும் முடியாது.

கீழ போக உதவற ஈயக் கட்டிய கோத்து இடுப்புல கட்டற பெல்ட் விஷயத்துல மட்டும் சிக்கனம் பாக்காத. ரப்பர் பெல்ட், ஒரே இழுப்புல கழண்டு விழற பக்கிள், ஒத்தக் கையால கழட்ட வரணும். ரப்பர் ஏன்னா கீழ போகப் போக சூட் நசுங்கி இடுப்பு சுருங்கும், நைலான் பெல்ட் தளர்ந்து சுத்தும். ஈயம் எவ்ளோன்னு யாரும் உனக்கு லெட்டர்ல சொல்ல முடியாது. எல்லாத்தையும் மாட்டிட்டு தண்ணியில நின்னு மூச்ச முழுசா வெளிய விட்டுப் பாரு, அப்பவும் நீ மிதக்கணும், முங்கினா ஒரு கட்டிய எடுத்துடு. சீக்கிரம் கீழ போகலாம்னு சில பேர் ரெண்டு கட்டி கூட போட்டுக்குவாங்க, அது ரொம்ப தப்பு, மூச்சு தீந்து மேல வர்ற கடைசி 2 மீட்டர்ல அந்த ஈயத்தையும் சேத்து தூக்கிட்டு வரணும்.

அப்புறம் மிதவையும் கொடியும். போட் ஓட்டறவனுக்கு தண்ணிக்கடியில இருக்கற நீ தெரிய மாட்ட, கொடிதான் தெரியும். சிவப்புல குறுக்கா வெள்ளைப் பட்டை போட்டது, இல்லன்னா நீலமும் வெள்ளையும் கலந்த ஆல்ஃபா கொடி, உங்க பக்கம் சட்டம் எது கேக்குதோ அது. மிதவைக் கயிறு நீ போற ஆழத்த விட நல்லா நீளமா, சிக்கல் விழாத தடிமன்ல இருக்கட்டும். சின்னதா ஒரு கத்தியும் வேணும், ரெண்டு கைக்கும் எட்டற இடத்துல கட்டிக்கோ, மீனுக்கு மட்டும் இல்ல, எவனோ விட்டுட்டுப் போன வலையில கால் மாட்டினா அறுக்கவும்தான். கையுறை எதுவானாலும் சரி.

இப்ப உன் கன். முதல்ல கன்னே வேணுமான்னு யோசி. போல் ஸ்பியர்னு ஒண்ணு இருக்கு, நீளமா ஒரு கம்பு, பின்னால ஒரு ரப்பர் வளையம், கட்டவிரல் இடுக்குல மாட்டி இழுத்துப் புடிச்சுட்டு விட்டா பாயும். கன்ன விட ரொம்ப மலிவு, ரிப்பேர்னு பெருசா ஒண்ணும் வராது, முக்கியமா கிட்ட போய்த்தான் அடிக்க முடியும், அதனால மீன் மிரளாம நெருங்கற வித்தைய அதுவே கத்துக்குடுத்துடும். பஹாமாஸ்ல ஸ்பியர்கன்னுக்கே தடை, அங்க இதுவும், கவண் மாதிரி ரப்பர இழுத்து ஈட்டிய விடற ஸ்லிங்கும்தான். உங்க பக்கம் எது அனுமதி, எந்த மீன், எந்த சீசன், எந்த அளவுன்னு காசு எடுக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடு.

இல்ல, கன்தான் வேணும்னா 75லருந்து 90 சென்டிமீட்டர், ஒரே ரப்பர், அலுமினியக் குழாய், முன்னால ஓட்டையோட மூடின வாய் உள்ளது, ஷாஃப்ட், அதான் பாயற ஈட்டிக் கம்பி, அதுல தானா உக்காந்துக்கும். ட்ரிகர் உள்பாகம் ஸ்டீலா இருக்கான்னு கேளு, பிளாஸ்டிக் தேஞ்சா ஷாஃப்ட் தானா பாஞ்சுடும். பழசு வாங்கறதுல தப்பே இல்ல, ஷாஃப்ட்ட சமமான மேஜையில உருட்டிப் பாரு, வளைஞ்சிருந்தா தட்டிட்டே உருளும். ரப்பர்ல விரிசல் இருந்தா விலைய குறைச்சு வாங்கிட்டு புது ரப்பர் போட்டுக்கோ, வெயில்ல அது எப்படியும் கெடற பொருள்தான். தண்ணிக்கு வெளிய எந்தக் காரணத்துக்கும் லோடு பண்ணாத, ஆள் இருக்கற பக்கம் திருப்பவே திருப்பாத, சேஃப்டி பூட்டு இருக்குன்னு நம்பாத. இன்னொண்ணு, தண்ணிக்குள்ள எல்லாம் முக்கால்வாசி தூரத்துல இருக்கற மாதிரியும் பெருசாவும் தெரியும், எட்டிடும்னு நினைக்கற மீன் எட்டாது.

டார்ச், கேமரா, டைவ் வாட்ச் எதுவும் இப்ப வேண்டாம். அந்தக் காச ஃப்ரீடைவிங், அதான் சிலிண்டர் இல்லாம மூச்சடக்கி முங்கறது, அத கத்துக்குடுக்கற கோர்ஸுக்கு எடுத்து வை.

ஞாபகம் இருக்கா, ஸ்கூல் படிக்கறப்ப தண்ணிக்கடியில யாரு ரொம்ப நேரம் இருக்கறதுன்னு பந்தயம் கட்டுவோமே, முங்கறதுக்கு முன்னாடி தஸ் புஸ்ஸுன்னு வேகவேகமா மூச்சு விடுவோம், அப்பதான் ஜாஸ்தி நேரம் தாங்கும்னு. அதுல ஆக்சிஜன் ஒண்ணும் பெருசா கூடறதில்லடா, கார்பன் டை ஆக்சைடுதான் கொறையுது. மூச்சு முட்டற உணர்வ குடுக்கறதே அதுதான். அது கொறைஞ்சா ஆக்சிஜன் தீந்தது உடம்புக்கு தெரியாது, எந்த எச்சரிக்கையும் இல்லாம நினைவு போயிடும். அதுலயும் 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறத போல ரெண்டு மடங்கு, அங்க மிச்ச ஆக்சிஜன் போதுமா இருக்கற மாதிரி இருக்கும், மேல வர வர அந்த அழுத்தம் பாதியாயிடும், அதனால மயக்கம் கீழ வர்றத விட மேல வந்துட்டோம்னு நினைக்கற இடத்துலதான் வருது.

என் கண் முன்னாடியே பாத்தேன். கூட வந்த ஒருத்தர், 8 மீட்டர் தண்ணி, நல்லா மேல வந்தாரு, ஒரு மூச்சு எடுத்தாரு, என்ன பாத்துட்டே தலை தொங்கிடுச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன். ஒரு இழுப்புல பெல்ட்ட விட்டேன், முகத்த தண்ணிக்கு மேல தூக்கி மாஸ்க்க கழட்டி கன்னத்த தட்டி ஊதி பேர சொல்லிக் கூப்டேன், கொஞ்ச நேரத்துல இழுத்து ஒரு மூச்சு வந்துச்சு. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியல சேகரு. அந்த பக்கிள் சிக்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இன்னைக்கும் தூக்கம் போயிடும்.

அதனால தனியா போகாத. ஒருத்தன் கீழன்னா ஒருத்தன் மேல, வந்தவன் மேல வந்த பிறகும் 30 செகண்ட் அவன் மூஞ்சியவே பாக்கணும். கீழ இருந்த நேரத்துக்கு ரெண்டு மடங்காவது மேல ரெஸ்ட். இதெல்லாம் நான் எழுதி நீ படிச்சா பத்தாது, ஆள் வச்சு தண்ணியில பழகணும், கோர்ஸ்ல அதத்தான் செய்ய வைப்பாங்க.

என்கிட்ட ஒரு 90 சென்டிமீட்டர் கன் சும்மா கிடக்கு. போன வாரம் ரப்பர் மாத்தி, ஷாஃப்ட்ட கட்டற லைனும் புதுசா கட்டி வச்சுட்டேன், ஷாஃப்ட் நேரா இருக்கு. அது உனக்குத்தான், காசு கீசுன்னு பேசாத. ஆனா கோர்ஸ் முடிச்சுட்டேன், கூட வர இன்னார் இருக்கான்னு நீ எழுதற அன்னைக்குத்தான் பார்சல் போடுவேன். அதுவரைக்கும் கடைக்குப் போய் நாலு மாஸ்க்க மூஞ்சில வச்சுப் பாரு, எது விழாம நின்னுச்சுன்னு எனக்கு போன் பண்ணு.

உன்
ரவி