ஒப்பந்தத்தின் "தவிர்க்க இயலாச் சூழல்" பிரிவை இப்போதே திருத்துங்கள்: மாணவர் பரிமாற்றத் திட்ட அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களின் சர்வதேச உறவு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும், உதவித்தொகை கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்கள் ஆள்தான். துறையின் பரிமாற்றத் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பல வருடமாகப் பாட ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு வருகிறேன். கொரோனா பெருந்தொற்று பரவிய 2020 மார்ச்சில் நானே அனுப்பிய ஒரு மின்னஞ்சலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "உங்கள் பரிமாற்றம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். அந்த மாணவி அப்போது கடைசிக்கு முந்தைய செமஸ்டரில் இருந்தாள். மறுபடி ஆட்களை அனுப்ப ஆரம்பித்தபோது அவள் பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டாள். ஆக அது ஒத்திவைப்பு இல்லை, ரத்து. ரத்து என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஒத்திவைப்பு" என்ற இந்த ஒரு சொல்லைத்தான் நாம் எல்லோரும் கூச்சமில்லாமல் பயன்படுத்தினோம். பரிமாற்றத்தின் கணக்கு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மாணவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மாணவர் தன் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிவிட்டு ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கட்டணமில்லாமல் படிப்பார், அங்கிருந்து வருபவரும் அப்படியே, அதனால் போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று இரண்டு பக்கமும் எழுதி வைத்து, மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போவோம். பெருந்தொற்றிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மூன்று இடம் பாக்கி என்றால் மூன்று இடமும் பத்திரமாக அடுத்த ஆண்டுத் தாளுக்குப் போயின. அந்த இடங்களுக்குத் தேர்வானவர்களின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு நாட்டுக் கணக்கு மட்டும் போதும். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டில் போய்க் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) வாங்கிப் படித்தவர்கள் 2018-19 கல்வியாண்டில் 3,47,099 பேர். 2020-21 கல்வியாண்டில் 14,549 பேர். முழுப் பட்டத்துக்கு வெளிநாடு போனவர்களும் பட்டபாடு கொஞ்சமில்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று எல்லையை மூடி, மாணவர்களுக்கு மறுபடி திறந்தது 2021 டிசம்பர் 15 அன்று. ஜப்பானில் 2022 மார்ச், சீனாவில் 2022 ஆகஸ்ட் வரை பல மாணவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்காவிலோ, முழுக்க ஆன்லைனில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று 2020 ஜூலை 6 அன்று ஒரு விதி வந்து, ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட்ட பிறகு ஜூலை 14 அன்று வாபஸ் ஆனது. ஆனாலும் நான்கு வருடப் படிப்பில் ஒரு வருடம் போனால் மூன்று வருடம் மிச்சமிருக்கும். ஒரு செமஸ்டருக்காகப் போகிறவருக்கு அந்தச் செமஸ்டர்தான் எல்லாமே.

சரி, ஆன்லைனில் நடத்தினோமே என்பீர்கள். நடத்தினோம். என் மாணவன் ஒருவன், அவனை ஏற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கு வகுப்பில் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இரவு 2 மணிக்குச் சேருவான். மைக்கைத் திறந்து பேசினால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று, தன் முறை வரும்போது சொல்ல வேண்டியதைச் சாட்டில் டைப் செய்வான். அவன் அடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வகுப்பில் பங்கேற்புக்கு 20 மதிப்பெண். அவனுக்குக் கிடைத்தது 6. அதையும் நாங்கள் "மெய்நிகர் பரிமாற்றம்" என்று ஆண்டறிக்கையில் ஏற்றிக்கொண்டோம். கலப்பு முறையையே நான் குறை சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில், 2021-ல் தொடங்கிய புதுச் சுற்றில், 5 முதல் 30 நாள் நேரில், மற்றது ஆன்லைனில் என்று ஒரு வழி வந்திருக்கிறது. வேலையையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஆறு மாதம் போக முடியாதவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் முழுச் செமஸ்டர் கேட்டவருக்கு அதை ஈடாக நீட்டாதீர்கள்.

அப்புறம் பணம். 48 மணி நேரத்தில் விடுதியைக் காலி செய்யச் சொன்னால், அன்றைய விலைக்கு டிக்கெட் வாங்குவது யார்? வெளியே அறை எடுத்தவருக்கு ஒப்பந்தம் முடியும்வரை வாடகை ஓடும், உதவித்தொகையோ சில இடங்களில் திரும்பி வந்த நாளோடு நின்றுபோனது. நம் ஒப்பந்தங்களில் "தவிர்க்க இயலாச் சூழல்" என்றொரு பிரிவு உண்டு. நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லை என்பதை நாலு வரியில் சொல்லிவிட்டு, மாணவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாத பிரிவு. அதே பெயருள்ள பிரிவை வைத்துத்தான் ஐரோப்பிய ஆணையம் எராஸ்மஸ் மாணவர்களின் கூடுதல் செலவை உதவித்தொகை வரம்புக்குள் ஏற்க வழி செய்தது. மனம் வைத்தால் அந்தப் பிரிவை மாணவர் பக்கமும் திருப்ப முடியும் என்றுதானே அர்த்தம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திருப்பி அழைத்தால் டிக்கெட்டும் மிச்ச வாடகையும் யார் தலையில் என்று முன்கூட்டியே எழுதுங்கள். பாதியில் நின்ற பாடத்துக்குக் கிரெடிட் எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை. இடத்தை மாணவரின் பெயரில் வையுங்கள். ரத்தானால் இரண்டு வருடத்துக்குள் அவர் வந்து படிக்கலாம், இடையில் பட்டம் முடிந்திருந்தாலும் வருகை மாணவராக ஏற்போம் என்று. விசா சிக்கல் வரும், கட்டணம் யார் கணக்கில் என்ற கேள்வி வரும், தெரியும். அதை இப்போது பேசித் தீர்க்காமல் அடுத்த தொற்று வந்த பிறகா பேசப்போகிறோம்?

பெருந்தொற்றுக் காலத்தில் அவசரத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிப்புக்கு வருகின்றன. போன மாதம் என் மேசைக்கும் ஒன்று வந்தது. அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு துறை ஒருங்கிணைப்பாளர்