மீன் எண்ணும் மலரும் உன் அண்ணனும்

அன்புள்ள அந்தோணி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசியில் பதில் வருகிறது. திட்டுவதை எல்லாம் ஊருக்கு வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பழைய கதை.

செய்தி இதுதான்: நம் பொண்ணு மலருக்கு மண்டபம் முகாமில் வேலை கிடைத்திருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு திட்டத்தின் கீழ் தற்காலிக வேலை. அந்த மதிலை ஒட்டி எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம்! உள்ளே மீனைப் பாட்டிலில் ஊறப்போட்டிருப்பார்கள் என்பதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? உன் கடல்கன்னி ஆராய்ச்சியை அவளிடம் சொல்லவில்லை, பயப்படாதே.

1947-ல் தொடங்கிய நிலையம். தலைமையகம் கொச்சிக்குப் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் 2010-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கடல் விராலைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது நம் மண்டபத்தில்தான். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல். அப்புறம் இறால், நண்டுக்கு ஒரு பிரிவு, சிப்பி, கணவாய்க்கு ஒன்று, பவளப்பாறை பார்க்கிறவர்கள், பாசி வளர்ப்பு, மரபணு. மரபணுக்காரர்கள் பேசுவது மலருக்கே பாதிதான் புரிகிறதாம்.

அவளைப் போட்டிருப்பது மீன் கணக்கெடுப்பில். "எம்.எஸ்சி. படித்துவிட்டு ஏலக்கூடத்தில் நிற்கவா?" என்று நானும் முதலில் கேட்டேன். இப்போது எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. நாட்டின் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மீன் இறங்குகிறது. எல்லாவற்றையும் யார் எண்ணுவது? அதனால் மீன் இறங்கும் சில துறைகளையும் சில நாட்களையும் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றைக்கு வரும் படகுகளில் சிலவற்றின் மீனை இனம் பிரித்து, எடை பார்த்து, நீளம் அளந்து, அதை வைத்து மாநிலத்துக்கே கணக்குப் போடுகிறார்கள். மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை அறுத்து, மர வளையம் எண்ணுகிற மாதிரி வயது பார்ப்பதும் உண்டு. வயிற்றைக் கீறி என்ன தின்றது, சினை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கு இல்லாவிட்டால் மற்ற பிரிவுகள் பேசுவதற்கு அடித்தளமே இல்லை என்பது என் கட்சி. கேரளாவைப் பார். 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் வெறும் 3,297 டன். பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ, இங்கே கடல் சூடு என்று ஒரு பக்கம். குஞ்சு குஞ்சாக வாரியது இன்னொரு பக்கம். வருடா வருடம் எண்ணி வைத்திருந்ததால்தான் விழுந்தது எவ்வளவு என்று தெரிந்தது. 10 சென்டிமீட்டருக்குச் சின்ன மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று அங்கே விதி வந்ததும் இவர்கள் சொன்ன அளவை வைத்துத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியண்ணன் மலரைப் பார்த்ததும் கூடையைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார். கணக்கு கொடுத்தால் டீசல் மானியத்தை வெட்டுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். நான் சொன்னால், "பொண்ணுக்குப் பரிந்து வர்றியா?" என்கிறார். இழுவை மடி வலையில் வரும் பொடி மீன் கோழித்தீவனத்துக்குப் போவது அவருக்கும் உறுத்துகிறது, எனக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் பேசு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், அதற்குள் அவளுக்கு அந்தப் படகின் கணக்கு வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு என் விசாரிப்பு.

உன்,
ராசு