கியர்பெட்டி ஒயிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததையும், ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய ரொயோட்டா அலியன் கார் ஒன்றை நீ வாங்கியதையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் என் வாழ்த்துகள். தானாகவே கியர் மாற்றும் ஓட்டோ கியர்பெட்டியின் ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். என் 2006ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோட்டுக்கு அந்த வேலையைப் போன ஞாயிறுதான் செய்து முடித்தேன்.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது வண்டி சற்றே குலுங்கத் தொடங்கியிருந்தது. நான் காட்டிய கராஜில், இயந்திரம் ஒன்றைப் பொருத்திப் பழைய ஒயில் முழுவதையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடலாம் என்றார்கள். ஹொண்டா நிறுவனம் சொல்வது வடித்து நிரப்பும் முறையைத்தான் என்பதால், நான் அதற்கு இணங்காமல் திரும்பிவிட்டேன்.

இந்த ஒயில் வெறும் மசகு அன்று. என்ஜினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதும், உள்ளேயுள்ள கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. என் வண்டியில் மொத்தம் ஏறத்தாழ ஆறரை லிட்டர் இருக்கும். ஆனால் அடியில் ஒயில் வடிக்கவுள்ள திருகாணியைக் கழற்றினால் வடிவது இரண்டரை லிட்டர்தான். மிச்சம், என்ஜினின் சுழற்சியை ஒயில் மூலம் கியர்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். தயிர்ச் சட்டியில் பாதித் தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றி அலசுவதைப்போல, முதல் முறையில் 38 சதவீதமும், இரண்டாம் முறையில் 62 சதவீதமும், மூன்றாம் முறையில் 77 சதவீதமும் புதிய ஒயிலாகும். நான்காவது முறை 86க்குக் கொண்டுபோயிருக்கும். ஒயிலின் விலையை நினைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டேன். இடையில் ஒவ்வொரு வாரமும் வண்டியை எல்லாக் கியர்களிலும் ஓட்டிப் பழையதையும் புதியதையும் கலக்க விட்டேன்.

ஆணியின் நுனி காந்தமானது. அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது உள்ளேயுள்ள பாகங்களின் இயல்பான தேய்மானம். உலோகத் துண்டுகள் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வடிந்த ஒயில் கடுங்கோப்பி நிறம், புதியதோ செக்கச்செவேல். ஆணியைத் திரும்ப முடுக்கும்போது புதிய வாஷர் போட்டு 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்கினேன். அலுமினிய உறையில் மரையைக் கெடுத்துவிட்டால் பிறகு பெரிய செலவு.

இனி என் மடத்தனத்தையும் கேள். என் பழைய ரொயோட்டாவில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மட்டம் காட்டும் அளவுக் கம்பியைப் பார்ப்பது வழக்கம். அதே பழக்கத்தில் இதிலும் பார்த்தேன். குறைவாகத் தெரியவே, இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன். ஹொண்டாவிலோ என்ஜினைச் சூடாக்கி, நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் சமதரையில் பார்க்க வேண்டும். கூடிப்போன அரை லிட்டரை மறுபடி வடிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வடிந்ததைக் கோடு போட்ட போத்தலில் அளந்து, அதே அளவைத்தான் ஊற்றினேன். கம்பியைவிட அந்தப் போத்தலையே நான் அதிகம் நம்புகிறேன். பழைய ஒயிலை இங்கே மாநகரசபையின் கழிவுக் கிடங்கில் பெற்றுக்கொள்கிறார்கள். அங்கே நீ அதைத் தப்பித்தவறியும் கிணற்றடியில் ஊற்றிவிடாதே.

உன் வண்டி 2007க்குப் பிந்தியது என்றால் அதிலிருப்பது சிவிடி என்ற வேறு வகை ஓட்டோ கியர்பெட்டி. பல்லுச் சில்லுகளுக்குப் பதிலாக உலோகப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கிடையில் ஓடும். அதற்கு நான் ஊற்றிய ஒயில் ஆகாது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும் வாங்காதே, சிவிடிக்கென்று ரொயோட்டா குறித்த ஒயிலையே கேள். அடி ஆணியைத் தொடுமுன் ஊற்றும் வாயைத் திறக்க முடிகிறதா என்று பார். அது துருப்பிடித்து இறுகியிருந்து, நீ ஒயிலையும் வடித்துவிட்டால் வண்டி முற்றத்தை விட்டு நகராது. வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் படுக்காதே, தாங்கி வைத்துவிட்டுப் படு.

மார்கழியில் நான் வரும்போது நீண்ட கழுத்துப் புனலும், முறுக்கு அளக்கும் சாவியும் கொண்டுவருகிறேன். அதுவரை பொறுப்பாயானால் இருவருமாகச் செய்யலாம். உன் வண்டியை அடையாளம் காட்டும் செசி இலக்கத்தை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்